முன்னால் நான், பின்னால் நீ

ஜனவரி 9

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் ஐந்து பேரும் நலம். நீயும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம்.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு அரை மணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன் போன் எண்ணை அன்றைக்கே கோபத்தில் அழித்துவிட்டேன். நீ ஊர் மாறிப் போனபோது அம்மா உன் புதுப் பள்ளிக்கூடத்து முகவரியை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அது மனதில் ஒட்டிக்கொண்டது. நம் வீட்டு ரத்தம் அப்படி, ஒருமுறை காதில் விழுந்தால் போகாது. வீட்டில் இப்போது போன் வைத்துக்கொள்வதில்லை. இவர் போன் இவரோடு வேலைக்குப் போய்விடும்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நல்லபடியாக நடக்கிறது. எட்டரைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டால் அதுதான் வகுப்பு. பீரோக் கதவின் உள்பக்கம் கரும்பலகை. பின்தெருப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதுக்கு மணி அடிக்கும், அதையே எங்கள் மணியாகவும் வைத்துக்கொண்டோம். சின்னவனுக்கு ஐந்து வயது. அந்த மணி நமக்காகத்தான் அடிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். பொடிசுக்கு இரண்டு. மேசைக்கு அடியில் உட்கார்ந்து சுண்ணாம்புக்கட்டி தின்கிறாள். நீ 'டேப்பு' என்று கூப்பிடுவாயே, மூத்தவள், அவளுக்கு எட்டு முடிந்துவிட்டது. இன்னும் அப்படியே, சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்வாள்.

இவருக்கு லிப்ட் வேலை அதிகம். நகரம் முழுக்க யாராவது ஒருவர் எங்காவது ஒரு லிப்டில் மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போனதும் முதலில் "எத்தனை நேரமா உள்ள இருக்கீங்க?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பாராம். ஏன் மாட்டினீர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று கேட்டால் பயந்துவிடுவார்களாம். சாப்பிடும்போது இந்தக் கதைதான்.

எழுதியதன் காரணம்: சின்னவனுக்கு ஒன்றாம் வகுப்பு வாசிப்புப் புத்தகம் இரண்டு மூன்று வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். படம் இல்லாததாகப் பார். எங்கள் வீட்டில் இதுவரை இல்லாத புத்தகமாகவும் இருக்க வேண்டும். சிரமமென்றால் வேண்டாம்.

அக்கா


ஜனவரி 20

அக்கா,

நான் நலமா என்று கேட்காமல் நலமாக இருக்க ஜெபிப்பதாக எழுதியிருக்கிறாய். கேட்டால் பதில் சொல்லிவிடுவேன் என்று பயமா? சொல்கிறேன். நலம். இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், தொண்டை கட்டியே இருக்கிறது.

கடிதத்தைப் பார்த்ததும் ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால் புத்தகம் கேட்டு எழுதியிருக்கிறாய். கண்ணீர் வீணாகிவிட்டது.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. சபையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னாய்: "ஆறு மாசம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், என் பிள்ளை வாடிப்போயிட்டா. அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வான்னு தேவன் என்னோட பேசினார்." நல்லது. அந்த ஆறு மாதமும் அவளுடைய டீச்சர் யார்? நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான். எத்தனை தலை என் பக்கம் திரும்பியது என்று எண்ணினேன். பதினேழு. ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா வந்து, "உங்க கிளாஸ்ல பிள்ளைங்களை அடிப்பீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஊர் மாறியது வேலைக்காக என்று அம்மாவிடம் சொன்னேன். உனக்குத் தெரியும், எதற்காக என்று.

சரி, புத்தகம் மூன்று அனுப்புகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பதினோரு வருடமாக இதே பிழைப்பு எனக்கு. ஐந்து வயதுப் பையனுக்குப் புத்தகம் கேட்கிற எந்தத் தாயும் படம் இல்லாமல் கேட்டதில்லை. 'வீட்டில் இதுவரை இல்லாத புத்தகம்' என்றும் கேட்டதில்லை. யாருக்கு இந்தப் புத்தகம்?

டேப்புக்கு என் முத்தம். அத்தானுக்கு என் வணக்கம். அவர் என்னிடம் சண்டை போடவில்லை, நீதான்.

தங்கை


பிப்ரவரி 2

அன்பான தங்கைக்கு,

புத்தகங்கள் வந்தன. நன்றி.

யாருக்கு என்று ஏன் கேட்கிறாய்? சின்னவனுக்கு என்று எழுதியிருந்தேனே. படம் இருந்தால் அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். டீச்சர்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்.

மூத்தவளைப் பற்றித் தெரிந்தால் நீ இப்படிக் கேட்கமாட்டாய். போன மாதம் சபையில் பெரிய சங்கீதம் ஒன்றை வேதபுத்தகத்தில் விரல் வைத்து, ஒரு இடத்திலும் திக்காமல் வாசித்தாள். மூப்பர் ஒருவர், "பள்ளிக்கூடம் போற என் பேரன் இந்த வயசுல எழுத்துக் கூட்டுறான்" என்றார். அவள் கையெழுத்தைப் பார், முத்து முத்தாக இருக்கும். என் சாட்சியைக் கேட்டு இதுவரை நான்கு குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தாய்மார்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் எப்படி நடத்துகிறேன் என்று நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார்கள். நான் தும்மினாலும் குறித்துக்கொள்கிறார்கள். 'முன்னால் நான், பின்னால் நீ' என்பது எங்கள் முறை. நான் ஒரு வரி வாசிப்பேன், பிள்ளை அதே வரியில் விரல் வைத்துத் திருப்பி வாசிக்கும். நான்கு வீட்டிலும் இப்போது அதே முறைதான்.

ஏப்ரல் முதல் ஞாயிறு சபையின் ஆண்டுநாள். அன்றைக்குத் தாய்ச்சபையிலிருந்து வரும் வாழ்த்து மடலை மூத்தவள்தான் வாசிக்க வேண்டும் என்று போதகர் சொல்லியிருக்கிறார். இவர் அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை.

களைப்பாக இருக்கிறது. துணி துவைக்கிற இயந்திரத்துக்கும் கரும்பலகைக்கும் நடுவில் நான்கு அடி இடம். அதில் நின்று கணக்கு, வேதம், வரலாறு, சோறு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்து மாடிப்படி. யாராவது ஏறினால் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

அக்கா

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று சரளமாக வாசிக்கிறது. ஆனால் நடுவில் ஒரு சொல்லை மட்டும் தனியாகத் தொட்டுக் காட்டினால் விழிக்கிறது. இது எதனால் இருக்கும்? அவளுடைய அம்மா கேட்டாள்.


பிப்ரவரி 11

அக்கா,

உன் பக்கத்து வீடு பல் வைத்தியசாலை. அடுத்த பக்கம் அது கூட இல்லை, சுவர். பொய் சொல்லப் பழகாதவர்கள் பொய் சொல்லக் கூடாது அக்கா, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அந்தப் 'பக்கத்து வீட்டுப் பிள்ளை'க்கு ஒரு சின்னச் சோதனை. அவள் நன்றாக வாசிக்கும் ஒரு வசனத்தைத் தாளில் பெரிதாக எழுது. ஒவ்வொரு சொல்லாகக் கத்தரி. சீட்டுகளைக் குலுக்கு. எந்த வசனம் என்று சொல்லாதே. ஒவ்வொரு சீட்டாகக் காட்டி வாசிக்கச் சொல். நீ வாயைத் திறக்காதே. கண்ணாலும் சாடை காட்டாதே, பிள்ளைகள் அதையும் பிடித்துவிடுவார்கள்.

முக்கியமாகத் திட்டாதே. என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேரில் ஏழு பேர் இப்படித்தான். பள்ளிக்கூடம் சொர்க்கம் என்று நான் உன்னிடம் எப்போதும் சொன்னதில்லை. அந்த ஏழு பேரையும் கண்டுபிடிக்க எனக்கே மூன்று மாதமானது. கூட்டத்தோடு சேர்ந்து சத்தம் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தார்கள், சரியான கள்ளர்கள்.

செய்துவிட்டு எழுது. மறைக்காமல் எழுது.

தங்கை


பிப்ரவரி 23

தங்கச்சி,

செய்தேன்.

சின்னவனும் பொடிசும் தூங்கிய மதிய நேரம். பதினான்கு சீட்டு. முதல் சீட்டில் 'கன்மலை'. பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "தண்ணீர்" என்றாள். அடுத்தது 'தண்ணீர்'. "என்" என்றாள். எட்டாவது சீட்டில் அவளுக்கு என்ன தோன்றியதோ, எல்லாச் சீட்டையும் இழுத்து ஒரு வரிசையாக வைத்தாள். அதன் மேல் விரலை ஓட்டி ஒரு வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை பிசகாமல் சொன்னாள். அது நான் எழுதிய வசனமே இல்லை. சீட்டுகளில் பாதி தலைகீழாக இருந்தன.

எழுத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றன. 'க' என்றால் க. இரண்டைச் சேர்த்தால் இருட்டு. அந்த முத்து முத்தான கையெழுத்து இருக்கிறதே, அது படம் வரைவது போல் வரைவதுதான். பாராட்டிப் பாராட்டி வரைய வைத்திருக்கிறேன்.

நான் திட்டவில்லை. "இவ்வளவு நாளா எப்படிம்மா வாசிச்சே?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க வாயைப் பார்ப்பேன்மா. நீங்க முதல்ல சொல்வீங்கல்ல, அது அப்படியே இருக்கும் எனக்கு."

அப்புறம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்கம்மா. நான் இன்னும் வேகமா மனப்பாடம் பண்ணிடுறேன்" என்றாள். எட்டு வயதில் இவளுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஒரு வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் மறைத்து, என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கும் தெரியும். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. போன மே மாதம் சின்னவனுக்கு இருமல். "இருமல் மருந்து எடுத்துட்டு வாம்மா, பேர் எழுதியிருக்கும்" என்றேன். தரை துடைக்கிற மருந்தைக் கொண்டு வந்தாள். இரண்டும் பச்சைப் பாட்டில். மூடியைத் திறந்ததும் வாடை வந்ததோ, பிள்ளை தப்பியதோ. அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானத்திலேயே இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன்.

இனி என்ன செய்வேன், நீயே சொல். இவரிடம் எப்படிச் சொல்வேன்? தன் அண்ணன்மார் எல்லோரையும் எதிர்த்து நின்று, "என் பொண்டாட்டி செய்யறது சரிதான்" என்று சண்டை போட்டவர். அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களும் அவரவர் அம்மாக்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால்? ஆண்டுநாளுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. வாழ்த்து மடல் புதிது. அதை யாரும் அவளுக்கு முன்னால் வாசித்துக் காட்டமாட்டார்கள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய சுவர் வந்து இடிக்கிறது.

அக்கா


மார்ச் 4

அக்கா,

முதலில் வேலை. நாளையிலிருந்து அவளுக்கு எதிரே உட்காராதே. பின்னால் உட்கார். உன் வாய் அவளுக்குத் தெரியக் கூடாது. வசனம் எதுவும் வேண்டாம், பாட்டு வேண்டாம், அவள் காதுக்குத் தெரிந்த எதுவும் வேண்டாம். 'பல்', 'கல்', 'படி', 'குடி' என்று தொடங்கு. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அவள் மக்கு இல்லை. சில பிள்ளைகளுக்கு எழுத்துச் சேர நாளாகும், அவ்வளவுதான். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் சேரும். இங்கே அதற்கென்றே பயிற்சி தருகிற ஒரு அம்மா இருக்கிறார், அவரிடம் பேசிவிட்டேன். மூன்று மாதம் அவளை என்னிடம் அனுப்பு.

இரண்டாவது, அத்தானிடம் இன்றைக்கே சொல்.

மூன்றாவது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன், மூன்று வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. சாட்சி சொன்னதற்கு ஒரு வாரம் முன்பு, உன் வீட்டு மாடிப்படியில் வைத்து நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "அக்கா, இவளுக்கு எழுத்துச் சேரலை. கொஞ்சம் தனியாக் கவனிக்கணும்." உன் முகம் அப்போதே மாறியது. நான் சொன்னது அது. உன் காதில் விழுந்தது 'உன் பிள்ளை மக்கு' என்று. அடுத்த ஞாயிறே தேவன் உன்னோடு பேசிவிட்டார்.

இப்போதும் பார், உன் கடிதத்தில் பாட்டில் விஷயம் நான்கு வரி, சபை ஆறு வரி. நீ உன் மகளுக்காகப் பயப்படுகிறாயா, உன் சாட்சிக்காகப் பயப்படுகிறாயா?

கோபப்படு. பரவாயில்லை. அவளை அனுப்பு.

தங்கை


மார்ச் 10

உன் கடிதம் கிடைத்தது.

வரி எண்ணிப் பார்க்கிற அளவுக்கு உனக்கு நேரம் இருக்கிறது. எனக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றுப் பார்த்தால் தெரியும். தேவன் என்னோடு பேசினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல உன்னை யாரும் அழைக்கவில்லை.

ஆண்டுநாளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பிள்ளை பழக வேண்டும் என்று போதகரம்மாவிடம் சொல்லி, வாழ்த்து மடலை நகலெடுத்து வாங்கிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். இரண்டே நாளில் ஏற்றிக்கொண்டாள். தாளைத் திருப்ப வேண்டிய இடம் எந்தச் சொல்லுக்குப் பிறகு என்பது உட்பட.

இனி எழுதாதே. கடிதம் வந்தால் யாரிடமிருந்து என்று இவர் கேட்கிறார்.


மார்ச் 19

அக்கா,

எழுதாதே என்றாய். இதுதான் கடைசி.

'பெற்றுப் பார்த்தால் தெரியும்' என்று எழுதினாய். நான் எதற்காக எத்தனை வைத்தியசாலைப் படி ஏறினேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. அதையும் எழுதிவிட்டாய். சரி, விடு.

உள்ளே ஒரு உறை வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டி, முகவரியும் எழுதியாகிவிட்டது. என் பெயர் போடவில்லை. இங்கே என் பெயரிலேயே இன்னொருத்தியும் இருக்கிறாள், அவளுக்குப் போய்விடும். 'ஆசிரியை, இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு' என்று போட்டால் எனக்கு வரும். என்றைக்காவது ஒரு நாள் அதில் எதையாவது வைத்துத் தபாலில் போடு. வெற்றுத்தாள் என்றாலும் வந்து நிற்பேன்.

தங்கை


ஏப்ரல் 8

தங்கச்சி,

உன் உறையில்தான் இந்தக் கடிதம் வருகிறது.

முதலில் அந்த வரி. எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. தபாலில் போட்டுவிட்டு, பெட்டிக்குள் கை விட்டு எடுக்க முடியுமா என்று வெட்கமில்லாமல் விரலை நுழைத்துப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு.

உன் மாடிப்படிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. தேவன் பேசினார் என்றது முழுப்பொய் இல்லை. நான் ஜெபித்தேன். ஆனால் அன்றைக்கு முழங்கால் போட்டதே உன் மேல் இருந்த கோபத்தில்தான். கோபத்தோடு கேட்டால் எனக்கு வேண்டிய பதில்தானே காதில் விழும். மூன்று வருடமாக இதை எனக்கே நான் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நானும் இவரும் மூன்றாவது வரிசை. மூத்தவளுக்கு வெள்ளைக் கவுன், இறுக்கிப் பின்னிய சடை. செயலாளர் கோப்பிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். பிரித்தாள், விரல் வைத்தாள், தொடங்கினாள். ஒரு பிசகு இல்லை. இவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்தி நிறுத்தி எவ்வளவு அழகா வாசிக்குறா பாரு" என்றார். நான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ஜன்னல். வெயிலில் தாள் ஊடாகத் தெரிந்தது. கடிதத்தில் வரிகள்தானே இருக்க வேண்டும்? கட்டம் கட்டமாகக் கோடு தெரிந்தது.

செயலாளர் தாளை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அது மண்டபம் பெருக்குகிற முறைப் பட்டியல். எந்த வாரம் யார் பெருக்குவது, யார் கோப்பை கழுவுவது என்று மாதக் கணக்காகக் கட்டம் போட்டது. அதன் மேல் விரலை ஓட்டித் தாய்ச்சபையின் வாழ்த்தை வாசிக்கிறாள் என் மகள். சரியான சொல்லுக்குப் பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமை, ஒரு புள்ளிகூட இல்லை. அதையும் வாசித்தாள். வெற்றுத்தாளில் வரி வரியாக விரல் நகர்ந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. நான் மட்டும் தட்டவில்லை, என் கை மடியை விட்டு எழவில்லை.

தாளைத் திரும்ப வாங்கியவர் போதகர். பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம். பிறகு என்னைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து பக்கத்து அறையில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "இப்போ வெளிய சொன்னா சபை கலங்கிடும்மா. உங்களை நம்பி நாலு குடும்பம் வந்திருக்கு, அஞ்சாவது குடும்பம் அடுத்த மாசம் நிறுத்தப் போறாங்க. பிள்ளை மெல்லக் கத்துக்குவா. நாம ஜெபிப்போம்" என்றார். பட்டியலை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் இந்த வாரம் பெருக்குகிற முறை எங்கள் குடும்பம்.

அந்த அறையில் ஜன்னல் இல்லை. வெளியே ஐந்தாவது குடும்பத்துத் தாய் நோட்டோடு காத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. மூன்று வருடம் எப்படியோ சமாளித்தேன், அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபோதுதான் எனக்கு மூச்சு முட்டியது.

நேற்று காலை ஒன்பது மணி அடித்தது. வகுப்பு. நீ எழுதாதே என்று நான் எழுதியதெல்லாம் வாய்ச்சவடால்தான். உன் கடிதம் வந்த மறுநாளே அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பல், கல், படி, குடி. நான்கு வாரமாகப் பத்துப் பத்து நிமிடம். நேற்று பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள், உன் உறை கீழே விழுந்தது. நான் ஒளித்து வைத்திருந்த இடம் அதுதான். எடுத்துப் பார்த்தாள். இந்த வீட்டில் யாரும் அவளுக்கு முன்னால் வாசித்துக் காட்டாத எழுத்து அது ஒன்றுதான்.

விரலை வைத்தாள். நான் அப்போது எதிரே நின்றுகொண்டிருந்தேன், கையில் பொடிசு. பழக்கம் விடுமா, உடனே நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஆ" என்றாள். "சி." விரல் அடுத்த எழுத்தில் நின்றுவிட்டது. சின்னவன் ஏதோ சொல்ல வந்தான், கண்ணாலேயே அதட்டினேன். "ரி. ஆசி… ஆசிரி…" கடைசி எழுத்தில் மாட்டிக்கொண்டாள். காலை மாற்றி மாற்றி நின்றாள். உதட்டில் வியர்வை. "ய… ய… யை." பிறகு முதலிலிருந்து ஒரே மூச்சில், "ஆசிரியை!"

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் சத்தம் போட்டு அழுதிருப்பேன்.

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆசிரியைன்னா நீங்கதானேம்மா? உங்களுக்கு வந்த லெட்டரா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இன்று காலை இவர் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூ போட்டுவிட்டார், மற்றது கையில் இருந்தது. அதைப் போடக்கூட நேரம் கொடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, பச்சைப் பாட்டில், முறைப் பட்டியல், போதகர், மாடிப்படி, என் கோபம், எதையும் விடவில்லை. மூத்தவள் என் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். தன் அண்ணன்களைப் பற்றிப் பேசுவார், ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். பதில்களை நேற்றே தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அந்த ஷூவைக் கீழே வைத்தார். என்னை எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவார், உனக்குத் தெரியும்.

"எத்தனை நாளா உள்ள இருக்கீங்க?" என்றார்.

அவள்தான் என்னைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"ரொம்ப நாளாப்பா" என்றாள்.

அக்கா